ஒரு டாலர் மிட்டாயும் ஒரு துளிக் கடலையும்

கைப்பிடி வைத்த அட்டைப் பெட்டி. உள்ளே வரிசையாக அடுக்கிய சாக்லேட் பட்டைகள், பெட்டிக்கு அறுபது. அமெரிக்காவில் பள்ளிக்குப் போன எவருக்கும் இந்தப் பெட்டியைத் தெரிந்திருக்கும். பத்து வயதில் அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் வீடு வீடாக அழைப்புமணி அடித்திருப்பார்கள். இல்லாவிட்டால் அப்பா அதை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காபி இயந்திரத்துக்கு அருகே வைத்திருப்பார். பக்கத்தில் காசு போட ஓர் உறையும், மகள் படிக்கும் பள்ளியின் இசைக்குழுவுக்காக என்று எழுதிய சீட்டும் இருக்கும். பட்டை ஒன்று ஒரு டாலர். அதில் ஏறக்குறையப் பாதி பள்ளிக்கு, மீதி கம்பெனிக்கு. இசைக்குழுவின் சீருடை, எட்டாம் வகுப்புச் சுற்றுலா, நூலகத்துக்குப் புத்தகம், திடலுக்கு ஊஞ்சல் என்று அரசாங்கம் கொடுக்காமல் விட்ட பலவற்றை இந்தப் பட்டைகள் வாங்கிக் கொடுத்திருக்கின்றன.

அதே பள்ளியில் கடலை ஒவ்வாமையுள்ள ஒரு பிள்ளையால் அந்தப் பெட்டியில் உள்ள எதையும் வாயில் வைக்க முடியாது. வைத்தால் சில நிமிடங்களில் தொண்டை அடைத்து, மூச்சு இழுத்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். பள்ளிக்காக விற்க வேண்டியவர்கள் பட்டியலில் அந்தப் பிள்ளையின் பெயரும் இருக்கும். தான் தின்னக் கூடாததை அடுத்தவரிடம் விற்றுப் பள்ளிக்குப் பணம் சேர்க்கும் இந்த விநோத நிலை ஒரே நாளில் வந்துவிடவில்லை. இரண்டு தனித்தனிக் கதைகள் எண்பது ஆண்டுகள் ஓடி வந்து ஒரே பெட்டிக்குள் மோதியதால் வந்தது.

முதல் கதை ஓக்லஹோமா மாநிலத்தின் மஸ்கோகி என்னும் சிற்றூரில் தொடங்குகிறது. 1917-இல் அங்கிருந்த சாரணியர் குழு ஒன்று வீட்டு அடுப்பில் பிஸ்கட் சுட்டு, உயர்நிலைப் பள்ளியின் உணவுக்கூடத்தில் விற்றது. 1922-இல் சாரணியர் அமைப்பின் மாத இதழில், சிகாகோவைச் சேர்ந்த ஃப்ளாரன்ஸ் நீல் என்பவர் ஒரு செய்முறையை எழுதினார். ஆறேழு டஜன் பிஸ்கட்டுக்கான சாமான் செலவு 26 முதல் 36 சென்ட். ஒரு டஜனை 25 அல்லது 30 சென்டுக்கு விற்கலாம் என்று கணக்கும் போட்டுக் கொடுத்தார். அந்தக் கணக்கைப் பார்த்தாலே இந்த வழக்கம் ஏன் நிலைத்தது என்பது புரியும். உழைப்பு இலவசம், அடுப்பு அம்மாவுடையது, வாங்குபவர் பக்கத்து வீட்டுக்காரர். லாபம் வராமல் எங்கே போகும்?

பிள்ளைகளின் கையிலிருந்து அடுப்பு சீக்கிரமே பறிபோனது. 1930-களின் நடுவில் ஃபிலடெல்ஃபியாவின் சாரணியர்கள், தொழிற்சாலையில் சுட்ட பிஸ்கட்டை விற்கத் தொடங்கினார்கள். 1936-இல் தேசிய அமைப்பே பேக்கரிகளுக்கு உரிமம் கொடுத்தது. இரண்டாம் உலகப் போரில் சர்க்கரை, மாவு, வெண்ணெய் மூன்றுக்கும் தட்டுப்பாடு வந்தபோது, சிறுமிகள் பிஸ்கட்டுக்குப் பதிலாக நாட்காட்டி விற்றார்கள். போர் முடிந்ததும் நாட்காட்டியை யாரும் தேடவில்லை. பிற்பாடு இந்த பிஸ்கட்டுகளில் பெயர் பெற்றவற்றில் இரண்டு பீனட் பட்டர் வைத்தவை.

பள்ளிகளின் பக்கம் அம்மாக்கள் இருந்தார்கள். 1897-இல் வாஷிங்டனில் அலிஸ் பர்னி, ஃபீபி ஹெர்ஸ்ட் என்ற இரு பெண்கள் கூட்டிய தாய்மார் மாநாடுதான் பின்னால் நாடு முழுவதும் பரவிய பெற்றோர் ஆசிரியர் சங்கமாக மாறியது. குழந்தைத் தொழிலாளர் சட்டம், மழலையர் பள்ளி, சுகாதாரம் என்று பெரிய கோரிக்கைகளோடு தொடங்கிய சங்கம் அது. ஊர் மட்டத்தில் அதன் முகமாக நிலைத்ததோ மடக்கு மேசை போட்டுக் கேக் விற்கும் விற்பனைதான்.

1949 வாக்கில் சிகாகோவில் ஒரு சாக்லேட் கம்பெனி இந்த மேசையில் வியாபாரம் இருப்பதைக் கண்டுகொண்டது. எட்மண்ட் ஆப்ளர் 1939-இல் தொடங்கிய அந்தக் கம்பெனி, பள்ளிகளும் மன்றங்களும் விற்று நிதி திரட்டுவதற்கென்றே சாக்லேட் போடத் தொடங்கியது. வேர்ல்ட்ஸ் ஃபைனஸ்ட் சாக்லேட் என்பது அதன் பெயர். உலகிலேயே உயர்ந்த சாக்லேட் என்று தானே சூட்டிக்கொண்ட பட்டம். நேரமும் பொருத்தமாக வாய்த்தது. போருக்குப் பின் பிறந்த பெருந்திரளான பிள்ளைகள் அடுத்த சில ஆண்டுகளில் பள்ளிக்கு வரத் தொடங்கினார்கள், வகுப்பறைகள் பிதுங்கின, நகராட்சிக் கஜானா பிதுங்கவில்லை.

சாக்லேட்டை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? கேக் மூன்று நாளில் கெட்டுப்போகும், சாக்லேட் மாதக்கணக்கில் இருக்கும். விலை ஒரே நாணயத்தில் முடிவதால் சில்லறைத் தொல்லை இல்லை. வாங்குகிறவர் அதைப் பொருளுக்கான விலையாக நினைப்பதில்லை, நன்கொடையாக நினைக்கிறார். அதனால் பேரம் இல்லை. பிள்ளைகளைக் கிளப்பிவிடவும் வழி வைத்திருந்தார்கள். விற்பனை தொடங்கும் நாளில் மாணவர்களை அரங்கில் கூட்டி, இத்தனை பெட்டி விற்றால் சாவிக்கொத்து, இத்தனை விற்றால் மிதிவண்டி என்று பரிசுப் பட்டியல் காட்டுவார்கள். காப்பீட்டு முகவர்களைத் தயார்செய்யும் கூட்டத்துக்கும் இதற்கும் வித்தியாசம் குறைவு. பரிசு கிடைப்பதென்னவோ, பெரிய அலுவலகத்தில் வேலை பார்க்கும் அப்பா வாய்த்த பிள்ளைக்குத்தான்.

1978-இல் கலிஃபோர்னியா மக்கள் வாக்களித்துச் சொத்து வரியை மதிப்பில் 1 விழுக்காட்டுக்கு மேல் போகாதபடி கட்டிப்போட்டார்கள். பள்ளிகள் பெரிதும் அந்த வரியை நம்பி நடந்தவை. ஓவியம், இசை, நூலகர், செவிலியர் என்று ஒவ்வொன்றாக வெட்டு விழுந்தது. வேறு மாநிலங்களிலும் வரி எதிர்ப்பு தொற்றியது. முன்பு கூடுதல் வசதிக்காக விற்ற சாக்லேட், இப்போது அடிப்படைச் செலவுக்கே விற்கப்பட்டது. பள்ளிகளுக்கு வேண்டிய பணமெல்லாம் கிடைத்து, குண்டுவீச்சு விமானம் வாங்குவதற்காக விமானப்படை கேக் விற்கும் நாள் வந்தால் எப்படியிருக்கும் என்று கேட்கும் சுவரொட்டி ஒன்று பெண்கள் அமைதி அமைப்பின் பெயரில் அக்காலத்தில் வந்து, வீட்டுச் சமையலறைகளில் எல்லாம் தொங்கியது. சிரிப்புக்காகத் தொங்கவிட்டது மட்டும் அல்ல.

இனி இரண்டாவது கதை, கடலையுடையது.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் பருத்தியைக் கூன்வண்டு அழித்தபோது விவசாயிகள் வேர்க்கடலைக்கு மாறினார்கள். அலபாமாவின் என்டர்பிரைஸ் நகரம், பருத்தியிலிருந்து தங்களை விடுவித்த நன்றிக்காக 1919-இல் அந்த வண்டுக்கே நினைவுச்சின்னம் எழுப்பியது. மூன்று ஆண்டு முன்னால், அடிமைப் பெற்றோருக்குப் பிறந்து டஸ்கீகி கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், கடலையை 105 விதமாகச் சமைக்கலாம் என்று விவசாயிகளுக்குச் சிறுநூல் எழுதியிருந்தார். விளைச்சல் பெருகியது, விலை இறங்கியது, மிட்டாய்க்காரர்கள் அள்ளிக்கொண்டார்கள். 1921-இல் பேபி ரூத், 1928-இல் ரீஸ் கோப்பை, 1930-இல் ஸ்னிக்கர்ஸ். சாக்லேட்டுக்கு விலை அதிகம், நடுவில் கடலையை வைத்தால் பட்டை பெரிதாகத் தெரியும், கனமாக இருக்கும், பசியும் அடங்கும். மந்தநிலைக் காலத்தில் பலருக்கு அதுவே மதியச் சாப்பாடு.

பள்ளிக்குள் கடலையை அழைத்து வந்தது மத்திய அரசு. 1946-இல் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்ட தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டத்துக்குப் பிள்ளைகளின் பசி ஒரு காரணம், விற்காமல் தேங்கிய விளைபொருள் இன்னொரு காரணம். அரசு வாங்கிய உபரியில் பீனட் பட்டரும் டப்பா டப்பாவாகப் பள்ளிச் சமையற்கூடத்துக்கு வந்தது. ரொட்டியில் பீனட் பட்டரும் பழ ஜெல்லியும் தடவிய சாண்ட்விச், அடுத்த அரை நூற்றாண்டுக்கு அமெரிக்கப் பிள்ளையின் அடையாள உணவு. மலிவு, புரதம், கெடாது, எந்தப் பிள்ளையும் மறுக்காது. கோவில்பட்டிக் கடலை மிட்டாயைத் தின்று வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

1980-களின் கடைசிவரை பள்ளிகள் கடலையை ஓர் ஆபத்தாக நினைத்ததே இல்லை. நினைக்க வைத்தது 1992-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை. ஹியூ சாம்ப்சன் என்ற மருத்துவரும் உடன் ஆய்வாளர்களும் 13 பிள்ளைகளின் வரலாற்றைத் தோண்டி எடுத்தார்கள். உணவு ஒவ்வாமையால் ஆறு பேர் இறந்திருந்தார்கள், ஏழு பேர் சாவின் விளிம்புவரை போய்த் திரும்பியிருந்தார்கள். எல்லோருக்கும் ஒவ்வாமை இருப்பது முன்பே தெரியும். யாரும் தெரிந்து தின்னவில்லை. கடலையும் மரக்கொட்டைப் பருப்பு வகைகளும் முட்டையும் பாலும் மிட்டாய், பிஸ்கட், கேக் ஆகியவற்றுக்குள் ஒளிந்திருந்தன. இறந்த ஆறு பேரில் நால்வருக்குச் சாவு பள்ளியில் நேர்ந்தது. இறந்தவர்களில் இருவருக்கு மட்டுமே முதல் ஒரு மணி நேரத்துக்குள், ஒவ்வாமையைத் தணிக்கும் எபிநெஃப்ரின் ஊசி போடப்பட்டிருந்தது. பிழைத்தவர்களில் ஒருவர் தவிர மற்ற எல்லோருக்கும் அரை மணிக்குள் போடப்பட்டிருந்தது.

இந்த எண்களைப் பள்ளிகள் எப்படிப் படித்தன என்பதில்தான் பின்னால் நடந்த எல்லாமே அடங்கியிருக்கிறது. கட்டுரையின் முடிவு ஊசியைப் பற்றியது: ஆபத்தை உடனே உணரவும், உடனே மருந்து கொடுக்கவும் தவறியதுதான் சாவுக்கு வழிவிட்டது. பள்ளிகளோ பெரும்பாலும் அதில் மிட்டாயைப் படித்தன. மிட்டாயைத் தடுப்பது எளிது, ஒரு சுற்றறிக்கை போதும். ஊசி போடத் தெரிந்த ஆளை நாள் முழுக்கப் பள்ளியில் வைத்திருப்பதற்குச் சம்பளம் வேண்டும்.

இத்தனைக்கும் ஊசி கையில் இருந்தது. ராணுவ வீரர்கள் விஷவாயுத் தாக்குதலின்போது தங்களுக்குத் தாங்களே குத்திக்கொள்ளும்படி செய்த கருவியைத் தழுவி உருவாக்கிய எபிபென்னுக்கு 1987-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. 1991-இல் வர்ஜீனியாவில், ஒவ்வாமையுள்ள குழந்தையின் தாயான ஆன் முன்யோஸ்-ஃபர்லாங் உணவு ஒவ்வாமைக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார். பெற்றோர்கள் சேர்ந்தார்கள், எழுதினார்கள், பள்ளி வாரியக் கூட்டங்களுக்குப் போனார்கள். 1973-ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு, ஊனமுற்றவருக்கு அரசுப் பணம் பெறும் நிறுவனம் வசதி செய்து தர வேண்டும் என்றது. உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையும் அதில் அடங்கும் என்று பெற்றோர்கள் வாதாடி எழுத்து மூலம் திட்டம் வாங்கினார்கள். தொலைபேசிக் கணக்கெடுப்புகளும் அவர்கள் பக்கம் பேசின. அமெரிக்கக் குழந்தைகளில் கடலை ஒவ்வாமை இருப்பதாகச் சொன்னவர்கள் 1997-இல் 0.4 விழுக்காடு, 2002-இல் 0.8, 2008-இல் 1.4.

முதலில் உணவுக்கூடத்தில் கடலையில்லா மேசை வந்தது. பிறகு கடலையில்லா வகுப்பறை. சில ஊர்களில் பள்ளி முழுவதுமே. மிட்டாய்ப் பெட்டி இந்த மூன்றிலும் அகப்படாமல் நழுவக்கூடியது என்பதால் அதுதான் பெரிய தலைவலியாயிற்று. மதிய உணவு ஓரிடத்தில் ஒரு நேரத்தில் முடிந்துவிடும். விற்பனைப் பெட்டி புத்தகப் பையோடு வகுப்புக்கு வரும், பேருந்தில் ஏறும், இடைவேளையில் ஒரு டாலருக்குக் கைமாறும். நண்பனிடம் வாங்கிக் கடித்துவிட்டு அதே கையால் கணினி விசைப்பலகையைத் தொடுவார்கள். வகைவகையாகக் கலந்த பெட்டியாக இருந்தால் ரீஸும் ஸ்னிக்கர்ஸும் அதிலேயே இருக்கும். வெறும் பால் சாக்லேட்டும் தப்பாது. கடலை ஓடிய அதே இயந்திரத்தில் அடுத்த வேளை அது ஓடியிருக்கலாம்.

இங்கேதான் உறை முக்கியமானது. 2004-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றி 2006 தொடக்கத்தில் அமலான சட்டம், எட்டு ஒவ்வாமைப் பொருள்களைப் பாமரருக்குப் புரியும் பெயரில் உறையில் அச்சிடச் சொன்னது: பால், முட்டை, மீன், நண்டு இறால் வகை, மரக்கொட்டைப் பருப்புகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா. ஆனால் கடலை கலந்திருக்கக்கூடும் என்ற எச்சரிக்கை வரி கம்பெனியின் விருப்பத்துக்கு விடப்பட்டது. அந்த வரி இல்லாத உறை ஆபத்தில்லாதது என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. பல பெற்றோர்கள் இதை அறிந்தது கம்பெனியின் இலவசத் தொலைபேசி எண்ணுக்கு அழைத்துக் கேட்டபோதுதான்.

உறையே சாட்சி என்று ஆனபின், உறையே இல்லாத பண்டத்துக்குப் பள்ளியில் இடமில்லாமல் போனது. பாட்டி சுட்ட பிரவுனி, அம்மா பிடித்த கடலை உருண்டை, கொரியக் குடும்பத்தின் அரிசிப் பலகாரம் எல்லாம் வெளியே. தொழிற்சாலை உறையில் வந்த பிஸ்கட் உள்ளே. நியூஜெர்சியிலும் டெக்சஸிலும் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தச் சுற்றறிக்கை நன்றாகவே பழக்கம்: பிறந்தநாளுக்கு எதைக் கொடுத்தனுப்பினாலும் கடையில் வாங்கியதாக, பொருள் பட்டியல் அச்சிட்டதாக இருக்க வேண்டும். ஒவ்வாமையுள்ள பிள்ளைக்கு இது நியாயமான பாதுகாப்பு. வீட்டுக் கரண்டியில் என்ன ஒட்டியிருந்தது என்று யாருக்குத் தெரியும்? ஆனால் விளைவைப் பார்க்க வேண்டும். 1917-இல் வீட்டு அடுப்பில் பிறந்த வழக்கத்தில் கடைசியில் தாக்குப்பிடித்தவர் தொழிற்சாலைக்காரர். கடலைத் தடையால் அதிகம் இழந்தது மிட்டாய் வியாபாரம் அல்ல, மடக்கு மேசை.

அந்த மேசையை வேறு பக்கத்திலிருந்தும் தள்ளினார்கள். நியூயார்க் நகரம் 2009-இல் பள்ளி நேரக் கேக் விற்பனையை இறுக்கியது. அதற்குக் காரணம் ஒவ்வாமை அல்ல, பிள்ளைகளின் உடல் பருமன். மறு ஆண்டு விதியைத் திருத்தியபோது, அனுமதித்த பண்டங்களின் பட்டியலில் கொழுப்பு குறைத்த டொரீட்டோஸ் இருந்தது, வீட்டில் சுட்ட வாழைப்பழ ரொட்டி இல்லை. பெற்றோர்கள் நகர மன்றத்துக்கு வெளியே இரண்டையும் அருகருகே வைத்துக் கேலி விற்பனை நடத்தினார்கள். ஒபாமா காலத்தில் 2010-இல் வந்த சட்டத்தின்படி, 2014 ஜூலை முதல் பள்ளி நாளில் விற்கும் தின்பண்டம் எதுவும் 200 கலோரியைத் தாண்டக் கூடாது, எடையில் 35 விழுக்காட்டுக்கு மேல் சர்க்கரை கூடாது. பால் சாக்லேட்டில் சர்க்கரையே பாதிக்கு அருகில். நிதி திரட்டும் விற்பனைக்கு எத்தனை நாள் விலக்கு என்பதை மாநிலங்களே தீர்மானிக்கலாம் என்று ஒரு வாசல் மட்டும் திறந்து வைத்தார்கள். ஜார்ஜியா அந்த வாசல் வழியாக லாரியையே ஓட்டியது: ஆண்டுக்கு 30 விற்பனை, ஒவ்வொன்றும் மூன்று நாள், 180 நாள் பள்ளி நடக்கும் மாநிலத்தில் 90 நாள். டெக்சஸில் 2015-இல் பதவிக்கு வந்த வேளாண் ஆணையர் சிட் மில்லர், கப்கேக்குக்குப் பொதுமன்னிப்பு அளிப்பதாக அறிவித்து அதையே முதல் வேலையாக விளம்பரப்படுத்திக்கொண்டார்.

வீடு வீடாகப் போகும் பழக்கம் வேறொரு கொடூரத்தால் அடிவாங்கியது. 1997-இல் நியூஜெர்சியில், பள்ளிக்காக மிட்டாயும் பரிசுத்தாளும் விற்கப் போன 11 வயதுச் சிறுவன் ஒரு வீட்டில் கொலையுண்டான். அதன்பின் தனியாகப் போய் விற்க வேண்டாம் என்று பள்ளிகளே அச்சிட்டுக் கொடுத்தன. பெட்டி முழுக்க அப்பாவின் அலுவலகத்துக்கு இடம்பெயர்ந்தது.

தடைகள் வளர வளர, எதிர்ப்பும் வளர்ந்தது. 2008-இல் ஹார்வர்டைச் சேர்ந்த மருத்துவரும் சமூகவியலாளருமான நிக்கலஸ் கிறிஸ்டாகிஸ், பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இது வெறி என்று எழுதினார். மாசசூசெட்ஸில் பள்ளிப் பேருந்தின் தரையில் ஒரே ஒரு கடலை கிடந்ததற்காகப் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பேருந்தைக் கழுவியதை அவர் எடுத்துக்காட்டினார்; பயணிகள் கண்டதையும் வாயில் போடும் கைக்குழந்தைகள் அல்ல, பத்து வயதுக்காரர்கள். ஃப்ளாரிடாவின் எட்ஜ்வாட்டர் ஊரில் 2011-இல் நடந்தது இன்னும் கசப்பானது. ஒரு முதல் வகுப்புச் சிறுமிக்காக மற்ற பிள்ளைகள் கை கழுவி வாய் கொப்பளிக்க வேண்டும் என்று பள்ளி சொல்ல, சில பெற்றோர்கள் பள்ளி வாசலில் பதாகை பிடித்து நின்றார்கள். அந்தச் சிறுமி வீட்டிலிருந்தே படிக்கட்டும் என்பது அவர்கள் யோசனை. ஆறு வயதுப் பிள்ளைக்கு எதிராகப் பதாகை பிடிக்கும் அளவுக்கு ஒரு சாண்ட்விச் மனிதர்களைக் கொண்டுவிட்டது.

ஆய்வுக்கூடத்தின் செய்தி இரு தரப்பின் குரலையும்விடத் தணிவாக இருந்தது. 2003-இல் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் கடும் கடலை ஒவ்வாமையுள்ள 30 பிள்ளைகளைப் பீனட் பட்டரிலிருந்து ஓர் அடி தூரத்தில் பத்து நிமிடம் மூச்சு விடச் செய்தார்கள். தோலிலும் வைத்துப் பார்த்தார்கள். உடல் முழுவதையும் தாக்கும் எதிர்வினை ஒருவருக்கும் வரவில்லை. மறு ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், சோப்பு போட்டுக் கழுவினால் கையிலிருந்து கடலைப் புரதம் போய்விடுகிறது, கிருமிநாசினி ஜெல் தேய்த்தால் முழுவதும் போவதில்லை என்று காட்டினார்கள். வாசனைக்கு அஞ்சத் தேவையில்லை, வாய்க்குள் போவதற்கே அஞ்ச வேண்டும். மாசசூசெட்ஸ் பள்ளிகளின் 2006 முதல் 2011 வரையான பதிவுகளை வைத்து 2017-இல் வந்த ஆய்வு இன்னும் சுவையானது. பள்ளி முழுக்கக் கடலையைத் தடை செய்ததால் ஊசி போட வேண்டிய சம்பவங்கள் குறைந்ததாகத் தெரியவில்லை. கடலையில்லா மேசை வைத்த பள்ளிகளில் மட்டும் குறைவாக இருந்தது: பத்தாயிரம் மாணவருக்கு 0.2, மேசை இல்லாத பள்ளிகளில் 0.6. அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையங்கள் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் முழுத் தடையைப் பரிந்துரைக்கவில்லை.

எல்லைக்கு அப்பால் கனடாவில் நடந்தது ஒரு பாடம். ஒன்டாரியோ மாநிலத்தில் 2003-இல் 13 வயதுச் சிறுமி ஒருத்தி பள்ளியில் ஒவ்வாமைத் தாக்குதலுக்கு ஆளாகி இறந்தாள். அவள் பெயரால் சப்ரினா சட்டம் என்று வழங்கும் சட்டம் 2006 தொடக்கத்தில் அமலானது. அவள் தின்றது உருளைக்கிழங்கு வறுவல். அதை எடுத்துப் போட்ட இடுக்கியில் ஒட்டியிருந்த பால் பொருள்தான் காரணம் என்று தெரியவந்தது. கடலை அந்தச் சம்பவத்தில் இல்லவே இல்லை. அதனாலோ என்னவோ சட்டம் கடலையைத் தடை செய்யவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம், ஊழியருக்கு ஒழுங்கான இடைவெளியில் பயிற்சி, அவசர மருந்து என்றுதான் கேட்டது.

இதற்கிடையே மருத்துவர்களின் சொந்த அறிவுரை ஒன்று தலைகீழானது. ஒவ்வாமை வரும் வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை கடலை கொடுக்காதீர்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2000-இல் சொல்லியிருந்தது; 2008-இல் திரும்பப் பெற்றது. லண்டன் மருத்துவர் கிடியன் லாக், பிரிட்டனில் வளரும் யூதப் பிள்ளைகளுக்குக் கடலை ஒவ்வாமை இஸ்ரேலில் வளரும் யூதப் பிள்ளைகளைவிடப் பத்து மடங்கு இருப்பதைக் கண்டார். இஸ்ரேலியக் குழந்தைகள் பல் முளைக்கும் வயதிலேயே பம்பா என்ற கடலைப் பொரியைச் சப்பி வளர்கிறார்கள். அவர் 640 கைக்குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு 2015-இல் வெளியானது. தொடக்கத்தில் தோல் சோதனையில் எதிர்வினை காட்டாத குழந்தைகளில், கடலையைத் தவிர்த்தவர்களுக்கு ஐந்து வயதில் 13.7 விழுக்காடு ஒவ்வாமை, தின்றவர்களுக்கு 1.9. இரண்டாண்டு கழித்து அமெரிக்கா அதிகாரபூர்வமாக வழியை மாற்றியது. சிறு குழந்தைகளிடம் கடலை ஒவ்வாமை 40 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருக்கிறது என்று 2025-இல் ஓர் ஆய்வு சொல்கிறது. (கடலை சமைக்கும் முறையும் கணக்கில் சேரும். வறுத்த கடலையைவிட அவித்த கடலையின் ஒவ்வாமைத் தன்மை குறைவு என்று மவுண்ட் சைனாய் ஆய்வாளர்கள் 2001-இல் எழுதினார்கள். அமெரிக்கா வறுத்தே தின்னும் நாடு.)

வியாபாரம் காத்திருக்கவில்லை. வடக்கு டகோட்டாவின் ஃபார்கோவில் சூரியகாந்தி விதையை அரைத்துப் பீனட் பட்டர் போலவே செய்து பள்ளிகளுக்கு விற்றார்கள். 2001-இல் சிகாகோவில் தொடங்கிய என்ஜாய் லைஃப் கம்பெனி, முக்கிய ஒவ்வாமைப் பொருள் எதுவும் இல்லாத சாக்லேட் போட்டது. 2015-இல் அதை வாங்கியது ஓரியோ விற்கும் மாண்டலீஸ். நிதி திரட்டும் பட்டியல்களில் பரிசுத்தாள், மெழுகுவத்தி, குக்கி மாவு டப்பா எல்லாம் நுழைந்தன. பல பள்ளிகள் தின்பண்டத்தையே விட்டுவிட்டு ஓட்டத்துக்கு மாறின: பிள்ளை ஒரு சுற்று ஓடினால் மாமா இத்தனை டாலர் என்று எழுதிக்கொடுப்பார். அதை நடத்தித்தரவும் கம்பெனிகள் வந்தன, அவையும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டன. ஒரு டாலர் பட்டை இன்னும் விற்கிறது. பெரும்பாலும் மணி அடித்த பின்பு, பள்ளி வேலிக்கு வெளியே.

ஊசியின் கதை மட்டும் 1992-இல் நின்ற இடத்திலிருந்து மெதுவாகவே நகர்ந்தது. 2013 நவம்பரில் ஒபாமா ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். தன் மூத்த மகளுக்கும் கடலை ஒவ்வாமை உண்டு என்று அப்போது சொன்னார். யார் பெயருக்கும் எழுதாத பொது எபிநெஃப்ரினைப் பள்ளியில் வைக்கச் சொல்லும் மாநிலங்களுக்கு, ஆஸ்துமா நிதி ஒதுக்கும்போது முன்னுரிமை என்றது சட்டம். மருந்து வாங்கவென்று தனியாகப் பணம் ஒதுக்கவில்லை. எபிபென் விற்ற மைலன் கம்பெனி 2012 முதல் பள்ளிகளுக்கு இலவசமாக ஊசி கொடுத்து நல்ல பெயர் வாங்கிக்கொண்டே, இரண்டு ஊசி கொண்ட பெட்டியின் விலையைச் சுமார் 100 டாலரிலிருந்து 2016-க்குள் 600-க்கு ஏற்றியது. நாடாளுமன்றக் குழு தலைமை அதிகாரியைக் கூப்பிட்டு விசாரித்தது. அதே காலத்தில் பள்ளிச் செவிலியர் சங்கத்துக்காக எடுத்த கணக்கெடுப்பில், முழுநேரச் செவிலியர் இருந்தவை அமெரிக்கப் பள்ளிகளில் சுமார் 39 விழுக்காடு. நான்கில் ஒரு பள்ளியில் செவிலியரே இல்லை. சம்பளம் கொடுக்க முடியாமல் போன அந்தப் பணத்தட்டுப்பாடுதான் ஒரு காலத்தில் சாக்லேட் பெட்டியைப் பிள்ளை கையில் கொடுத்தது. ஊசி ஓராண்டு, மிஞ்சினால் ஒன்றரை ஆண்டில் காலாவதியாகும். இலவசமாக வராதபோது புதிது வாங்கும் செலவைப் பள்ளியே பார்த்துக்கொள்ள வேண்டும்.